அங்கிள் வேண்டாம்

“அந்த வீட்டில் அங்கிள் இருக்கக் கூடாது.”

ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் பீரியடில் பொடிசு எழுந்து நின்று சொன்னது இந்த ஒரு வாக்கியம்தான். வகுப்பிலேயே குட்டையானவள் என்பதால் அவள் பொடிசு. இந்த ஒன்றையும் இங்கிலீஷில்தான் சொன்னாள், ஏனென்றால் அந்த பீரியடில் தமிழில் வாய் திறந்தால் டீச்சருக்குப் பிடிக்காது.

பாடத்தில் இருந்த நாவலைப் படித்து முடித்து, அதை வைத்து எடுத்த படத்தையும் பார்த்தாகிவிட்டது. மனதில் பட்டதை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். புத்தகத்தில் வந்த புயல் படத்தில் வெறும் தூறலாகிவிட்டது என்று முதல் பெஞ்சுப் பெண் குறைப்பட்டாள். புத்தகத்தை வரி விடாமல் படித்தேன் என்று சத்தியம் செய்த ஒருவன், கதாநாயகியின் சிவப்புக் குடை பிரமாதம் என்றான். புத்தகத்தில் குடையே கிடையாது. வகுப்பு சிரித்தது, டீச்சரும் சிரித்தார்.

பொடிசு சொன்னதும் டீச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது.

நாவலில் வருவது அப்பா இல்லாத ஒரு சிறுமி. அவளுடைய அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு ஒரு படகு ரிப்பேர்க்காரர் அந்த வீட்டுக்கு வருகிறார். சிறுமி அவரை அங்கிள் என்று கூப்பிடுகிறாள்.

பொடிசின் வீட்டிலும் கிட்டத்தட்ட அதே கதை. அப்பாவை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். போன வருஷம் அவள் அம்மா ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டார். அவரும் பொடிசுக்கு அங்கிள்தான்.

“பிகாஸ்...” என்று அடுத்த வாக்கியத்துக்கு அவள் இங்கிலீஷ் தேடிக்கொண்டிருக்கும்போதே, “போதும்மா, உட்காரு” என்றுவிட்டார் டீச்சர். வீட்டு விஷயம் வகுப்பில் சந்தி சிரிக்க வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்துக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

மத்தியானம் பொடிசின் வீட்டாருக்குப் போன் போட்டு, யாராவது வாருங்கள் என்றார். அம்மா ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்ததால் மெக்கானிக்தான் வந்தார். பாதி வேலையில் எழுந்து வந்த மனுஷன், கையில் இருந்த கிரீஸ் நாற்காலியில் பட்டுவிடுமோ என்று நுனியில் உட்கார்ந்தார்.

டீச்சர் சுற்றி வளைத்து, பூசி மெழுகி, ஒருவழியாக விஷயத்தைச் சொன்னார். மெக்கானிக்கின் முகம் தொங்கிப்போயிற்று.

“அந்தப் புஸ்தகம் நானும் படிச்சேன் மேடம். தினம் சாப்பிட்டு முடிச்சதும் ரெண்டு பேரும் உட்காருவோம். எனக்குப் புரியாத வார்த்தைக்கெல்லாம் அவதான் அர்த்தம் சொன்னா. அந்தப் படகுக்காரர் நல்ல மனுஷனாச்சே. அவரையே வேண்டாங்கிறாளா?”

இந்த வயசில் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள், கொஞ்சம் விட்டுப் பிடிக்க வேண்டும் என்று பொதுவாக நாலு வார்த்தை சொல்லி வைத்தார் டீச்சர்.

மெக்கானிக் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

“கம்பெனியில வெளியூர் பிராஞ்சுக்குக் கூப்பிட்டாங்க மேடம். இவங்களை விட்டுட்டுப் போக மனசில்லாம மாட்டேன்னுட்டேன். இப்போ சரின்னு சொல்லிடுறேன். அவ ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் நான் அங்கேயே இருந்துக்கிறேன். பிள்ளை நிம்மதியா இருந்தா போதும்.”

சொன்னதோடு நிற்காமல் போனையும் எடுத்துவிட்டார்.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் வாய்க்கு வந்ததைச் சொல்லப்போய் ஒரு குடும்பம் இரண்டாகிறதே என்று பதறி, ஒரு நிமிஷம் இருங்கள் என்று அவரைத் தடுத்து, பொடிசைக் கூட்டிவரச் சொன்னார்.

பொடிசு வந்தாள். அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. “இங்க என்ன வேலை உங்களுக்கு? நம்ம ஸ்கூல்ல லிஃப்ட்டே கிடையாதே.”

வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் அதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். இன்று அவர் தலை நிமிரவில்லை.

கிளாஸில் அங்கிள் வேண்டாம் என்று சொன்னாயே, ஏன் என்று டீச்சர் கேட்டார். பொடிசு விட்டத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், மறுபடியும் “பிகாஸ்” என்றாள்.

“பரவாயில்ல, தமிழ்லயே சொல்லும்மா” என்றார் டீச்சர். அந்த வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை.

பொடிசு கொட்டித் தீர்த்துவிட்டாள்.

“அவர்தான் மிஸ் அவளுக்கு நீச்சல் கத்துக் குடுக்குறார். காய்ச்சல் வந்தப்போ ராத்திரியெல்லாம் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார். புயல்ல அவளைத் தேடிக்கிட்டு ஓட்டைப் படகுல போறார். இவ்ளோ செஞ்சும், கடைசிப் பக்கம் வரைக்கும் அவ அங்கிள் அங்கிள்னே கூப்பிடுறா. சரி, படத்துலயாவது மாத்தியிருப்பாங்கன்னு பார்த்தா அதுலயும் அங்கிள்தான். எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. அழுகையும் வந்துச்சு.”

மெக்கானிக் போனை மெல்ல மேஜையில் வைத்தார்.

டீச்சருக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. “அப்போ அந்த வீட்டுல அவருக்குப் பதிலா யார் இருக்கணும்ங்கிற?”

“அவரேதான் இருக்கணும் மிஸ். கூப்பிடுற பேருதான் தப்பு” என்ற பொடிசு, மெக்கானிக் பக்கம் திரும்பினாள். “நீங்களும்தானே படிச்சீங்க, மிஸ்ஸுக்கு நீங்களே சொல்லுங்க, அப்பா.”