கப்பலை உடைத்தவன்

தனக்குத் தெரியாத பாறையே இந்தக் கடலில் கிடையாது என்று குடிபோதையில் பீற்றிக்கொண்டிருந்தபோதே மாலுமி தோமே கப்பலைப் பாறையில் ஏற்றிவிட்டான். கரையேறிய பன்னிரண்டு ஸ்பானியர்களையும் அந்தக் கரையில் வாழ்ந்த மாயர்கள் பிடித்தார்கள். பதினொரு பேரைச் சாமிக்குப் பலியாக நெஞ்சைப் பிளந்து கோயில் படிக்கட்டில் உருட்டிவிட்டார்கள். தோமேவுக்கு மட்டும் மூக்குக் குத்தி, முகமெல்லாம் பச்சை குத்தி, தலைவர் தன் மகளையே கட்டிக்கொடுத்தார்.

"என்னை மட்டும் ஏன் விட்டீங்க மாமா?" என்று பத்து வருடமாகக் கேட்கிறான். "எலும்பும் தோலுமா இருந்தீங்க, சாமிக்குப் பத்தாது" என்று மாமனார் சிரித்து மழுப்பிவிடுவார். தன் அழகுதான் காரணம் என்று தோமே மனதைத் தேற்றிக்கொள்வான்.

இன்று காலை கடலில் இன்னொரு ஸ்பானியக் கப்பலின் பாய்மரங்கள் தெரிந்தன. மூன்று பிள்ளைகளும் அவன் காலைக் கட்டிக்கொண்டார்கள். மாமனார் ஒரு துடுப்போடு வந்தார். சிரிக்கவில்லை.

"அன்னைக்கு உடைஞ்ச கப்பலைக் காட்டி, இதை உடைச்சது யாருன்னு சைகையில கேட்டேன். பதினொரு பேரும் உங்களைத்தான் காட்டினாங்க. நம்ம ஊரைப் பிடிக்க வந்த கப்பலை உடைச்சவர் நம்ம ஆளாத்தானே இருக்கணும்? அதான் விட்டேன்."

துடுப்பை அவன் கையில் கொடுத்து, கடலில் வந்துகொண்டிருந்த கப்பலைக் காட்டினார்.

"இதையும் உடைச்சிடுங்க, மாப்பிள்ளை."