டிஸ்க் நுழையாத பெட்டி

அந்தப் பெட்டி வெள்ளையா சாம்பலா என்பது இப்போது யாருக்கும் சரியாக நினைவில்லை. மணிலாவில், குயாப்போ சந்தையின் மாடியில், நெனிதாவின் பழைய கேம் டிஸ்க் கடை. முந்தின நாள்தான் வெளிவந்த, டிவியில் மாட்டி கேம் ஆடும் புதுப் பெட்டியை, அங்கே வழக்கமாக டிஸ்க் மாற்றிக்கொள்ள வரும் ரோடெல் அவள் மேசைமேல் வைக்கிறான். மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சம் அதன் வழவழப்பில் தேங்கி நிற்கிறது. நெனிதா கையைத் துடைத்துக்கொண்டு அதன் விளிம்பை ஒரு சுற்றுத் தடவுகிறாள். மறுபடியும் தடவுகிறாள். “என்னக்கா, கிச்சுக்கிச்சு மூட்டுறியா?” “டிஸ்க்கை எங்கடா போடுறது?” “அடியில இருக்கும், பாரு.” புரட்டுகிறார்கள். நகம் நுழைய ஒரு கீறல்கூட இல்லை. அவன் சிரிப்பு நின்றுவிடுகிறது. “எல்லாத்தையும் நெட்லயே இறக்கிக்கணும் போல. வேகமா ஓடணும்னுதானே கேட்டோம். இதை யாரு கேட்டா, அக்கா?” “அப்போ ஆடி முடிச்சதை யாருகிட்டடா குடுப்பே?” மாற்றிக்கொள்ளக் கொண்டுவந்த டிஸ்க் அவன் கையிலேயே இருக்கிறது. அதன் உறைக்குள் ஒரு தாள்; ஆடி முடித்தவர்கள் வரிசையாக எழுதிய பன்னிரண்டு பெயர்கள், கடைசியாக அவனுடையது. கீழே பாதித் தாள் வெறுமை. விசிறி கடகடக்கிறது. சுவர் முழுக்க அடுக்கிய டிஸ்க்குகள் பக்கம் நெனிதா திரும்பவே இல்லை.

நெனிதா இப்போது அதே இடத்தில் கைபேசி உறை விற்கிறாள். ரோடெல் வீட்டில் தனியாக ஆடுகிறான். அந்தத் தாளில் பதின்மூன்றாவது பெயரை யாரும் எழுதவில்லை.