பாவிகள் பட்டியல்

தாம்பரத்தில் புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், சபைச் செயலாளர் வேதசிரோமணி கோயில் பீடத்தருகே குடைக்குள் நின்றபடி கட்டளையிட்டார்.

"பாவம் இருக்கிற வீட்டைத்தான் காத்து தொடும். கூரை போனவங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமை சபை முன்னால பாவ அறிக்கை செய்யணும். பேரை எழுதுங்க, டீச்சர்."

ஹில்டா டீச்சரின் வீட்டு ஓடுகளும் பறந்திருந்தன. பேனாவைத் திறந்து எழுதினாள்.

"உங்க பேரு?"

"ரெண்டாவதா இருக்கு சார்."

"அப்ப முதல்ல யாரு?"

தாளை நீட்டினாள். 'கர்த்தர்' என்றிருந்தது.

"என்ன டீச்சர், விளையாட்டா?"

"இந்தக் கோயிலைக் கர்த்தருடைய வீடுன்னு நீங்கதானே சார் ஜெபம் பண்ணுவீங்க?"

வேதசிரோமணி குடையைத் தாழ்த்தி அண்ணாந்து பார்த்தார். பீடத்துக்கு மேலே கூரை இல்லை. வெயில் சுள்ளென்று முகத்தில் விழுந்தது.

பட்டியலை அவரே கிழித்தார். ஹில்டா பேனாவை மூடினாள்.