தண்ணீரிலும் கொழுப்பு

"மூணு மாசமா ஓட்ஸ் கஞ்சி. பாலிக் புலாவ் தோட்டத்துல டுரியான் பழ சீசனே முடியப் போவுது லா," என்றார் ராமதாஸ், மனைவி புஷ்பவள்ளியின் கைகளில் கிளிசரின் தடவியபடி. ரத்தம் சோதிக்கும் லேப் வேலையில் கை கழுவிக் கழுவி அவள் விரல்கள் வெடித்துப்போனதிலிருந்து, தினமும் காலையில் இது அவர் வேலை.

"ரத்தத்துல அவ்வளவு கொழுப்பை வச்சுக்கிட்டு டுரியானா? வெறும் வயித்தோட கிளம்புங்க. இன்னிக்கு மறுபடி டெஸ்ட்."

கணவரின் ரத்தத்தை அவள் வேறு யாரையும் தொட விடமாட்டாள். லேபுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் தானே சோதிப்பாள். அன்றும் கொழுப்பு குறையவில்லை.

"ஓட்ஸ் குடிக்கிறவருக்கா?" என்றாள் மேலதிகாரி அருந்ததி. "அதே கையோட வெறும் தண்ணிய டெஸ்ட் பண்ணு, பாப்போம்."

தண்ணீரிலும் கொழுப்பு இருந்தது.

அருந்ததி அவள் விரல்களைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

"கொழுப்பை உடைச்சா வர்ற கிளிசரினைத்தானே நாம அளக்குறோம்? உன் கையில இருக்கிறதும் அதுதான், விரல்ல இருந்து டெஸ்ட்ல கலந்துடுது. மத்தவங்க ரத்தம் வர்றதுக்குள்ள நீ பல தடவை கை கழுவிடுறே. மாட்டுனது உன் வீட்டுக்காரர் மட்டும்தான்."

மாலையில் புஷ்பவள்ளி டுரியானோடு வீடு திரும்பி, நடந்ததைச் சொன்னாள்.

"இனிமே காலையில கிளிசரின் வேணாங்க. தடவினா டெஸ்ட்ல மறுபடி கொழுப்பு காட்டும், உங்களுக்கு மறுபடி ஓட்ஸ்தான்."

ராமதாஸ் டுரியானைப் பார்த்தார். பிறகு அவள் விரல்களைப் பார்த்தார்.

"எனக்கு ஓட்ஸ் பழகிருச்சு. நீ கையக் கொண்டா."