கொளஞ்சி வாயைத் திறக்கவில்லை

“உள்ள போயி கையை ஆட்டிக்கிட்டு நிக்காதீங்க. வாயைத் திறந்து பேசுங்க,” பெரம்பலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டாள் பூங்கோதை.

கொளஞ்சி தலையை மட்டும் ஆட்டினான். அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர் அவன். மெஷின் இரைச்சலில் அங்கே எல்லாமே கை ஜாடைதான். அதே பழக்கத்தில், வீட்டில் குழம்பு வேண்டுமென்றாலும் விரலைத்தான் சுழற்றுவான். வேலையை விடாமலே வாத்தியார் பயிற்சியும் முடித்தவனுக்கு, தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்றில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டும் தேர்வு இன்று. தேறினால் வேலை.

வராந்தாவில் நின்ற பூங்கோதை காதைத் தீட்டிக்கொண்டாள். வகுப்பு முடியும்வரை உள்ளே பேச்சு மூச்சைக் காணோம். போச்சு, மனுசன் வாயைத் திறக்கவே இல்லை.

கொளஞ்சி சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

“அடுத்த மாசமே சேரச் சொல்லிட்டாங்க.”

“ஒரு வார்த்தை பேசல, எப்படிங்க?”

அவன் ஜன்னலைக் கைகாட்டினான். உள்ளே பிள்ளைகள் அத்தனை பேரும் இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன பண்றாங்க?”

“எனக்குக் கை தட்டுறாங்க. இந்த வகுப்புப் புள்ளைங்களுக்குக் காது கேக்காது. எனக்கே உள்ள போனப்புறம்தான் சொன்னாங்க.”

பூங்கோதையும் வாயைத் திறக்காமல் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள்.