கொத்தனார் கூலி

"சுவரை நீங்க கட்ட வேணாம்மா. கொத்தனார் கூலி மட்டும் குடுத்தா போதும்."

தலைவிக்குச் சுருக்கென்றது. சர்ச் இளைஞர் குழுவுக்கு இந்த வருஷம்தான் அவள் தலைவி. பழைய ஆட்கள் வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு ஊராகப் போய்விட, குழுவில் எல்லாரும் புது முகம். முதல் காரியத்திலேயே இப்படியா மூக்குடைபட வேண்டும்!

சும்மா வந்த பணமா அது? சனிக்கிழமை தவறாமல் வெயிலில் நின்று கார் கழுவி, வீடு வீடாகப் பழைய பேப்பர் வாங்கி விற்றுச் சேர்த்தது. செங்கல்லும் சிமென்ட்டும் மணலும் வாங்கலாம். கூலிக்குக் காணாது. கூலி எதற்கு, நாமே கட்டிவிடலாம் என்று எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். வந்து பார்த்தால், இந்த வீட்டு அக்கா பிடித்த பிடியை விடமாட்டேன் என்கிறாள்.

வீடு ஒரே அறை. பின்சுவர் இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய், காற்றுக்கு உப்பி உப்பி அடங்கியது. போன மாத மழையில், தூங்கிக்கொண்டிருந்த அக்காவின் புருஷன் மேல் சுவர் சரிந்து விழுந்து, ஆள் அந்த இடத்திலேயே போய்விட்டார். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சொல்லித்தான் குழுவுக்கு இந்த வீடே தெரியும். மூலையில், பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி மேல் சின்னப் பெண் ஒருத்தி இருமிக்கொண்டே படுத்திருந்தாள்.

"கூலிக்கு எங்ககிட்ட பணம் இல்லக்கா. பத்துப் பேர் இருக்கோம், நாங்களே கட்டிடுவோம்."

"நீங்கள்லாம் என்ன வேலை பண்றீங்க?"

"நான் ஜெராக்ஸ் கடையில. இவன் போன் ரிப்பேர்."

இவன் என்று அவள் காட்டியது கூட வந்த ஒல்லியை. டேப்பை இழுத்து ஏற்கெனவே அளக்க ஆரம்பித்திருந்தான். "கவலைய விடுங்கக்கா. எல்லாம் வீடியோல பாத்தாச்சு. செங்கல் மேல செங்கல், இதென்ன பெரிய கம்பசூத்திரமா?"

அக்கா சிரிக்கவில்லை.

ஒருவேளை பயப்படுகிறாளோ என்று தலைவிக்குத் தோன்றியது. "கட்டிக் குடுத்ததுக்காக சர்ச்சுக்கு வரணும்னெல்லாம் கேக்க மாட்டோம்க்கா."

"கூப்பிட்டா வந்துட்டுப் போறேன், அதுல என்ன? செங்கல்லைக் குறைச்சுக்கோங்கம்மா. பாதிச் சுவரு போதும். மேல தகரம் வச்சு அடைச்சுக்கறேன். ஆனா கொத்தனாருதான் கட்டணும்."

பாதிச் சுவரா! இப்படியும் ஒரு வீம்பா? ஒல்லி தலைவியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"உனக்குப் புரியல? கொத்தனாரு இவங்க அண்ணனோ தம்பியோதான். நம்ம தலையில நல்லா மொளகா அரைக்கறாங்க."

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. உள்ளே வந்து பட்டென்று கேட்டேவிட்டாள். "அந்தக் கொத்தனாரு உங்களுக்குச் சொந்தமாக்கா?"

"எந்தக் கொத்தனாரு? எனக்கு யாரையும் தெரியாதும்மா. நீங்களே பாத்துக் கூட்டிட்டு வாங்க. வேலை தெரிஞ்ச ஆளா இருந்தா சரி."

கேட்டிருக்கவே வேண்டாம் என்று தலைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா ஒரு கல்லை நகர்த்தித் தார்ப்பாய் ஓரத்தில் வைத்தாள். குழந்தை மறுபடியும் இருமியது.

"இதப் பாருங்கக்கா. நீங்க சரின்னா நாளைக்கே செங்கல் வந்து இறங்கும், அடுத்த மழைக்கு முன்னாடி சுவரு எழும்பிடும். வேணாம்னா சொல்லிடுங்க. அடுத்த வீட்டுக்குக் குடுத்துடறோம், காத்துக்கிட்டு இருக்காங்க. பாப்பாவக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

"அவளைத்தாம்மா நினைக்கறேன்."

"நினைச்சா இப்படிப் பேசுவீங்களா? இந்தத் தார்ப்பாய் எத்தனை நாள் தாங்கும்?"

"கிழிஞ்சா நனைவா. நனைஞ்சா துவட்டிக்கலாம்."

ஒல்லி டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, போகலாம் என்று கண்ணைக் காட்டினான். தலைவிக்குக் கால் நகரவில்லை. வருவது அழுகையா கோபமா, அவளுக்கே தெரியவில்லை.

"நல்லது செய்யணும்னுதானேக்கா ஓடி வந்தோம்? ஒத்தைப் பைசா கூலி வேணாங்கறோம். எங்கள ஏன் இப்படி விரட்டறீங்க? எங்க மேல அப்படி என்ன கோபம் உங்களுக்கு?"

அக்கா கிட்டே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ, கோபமெல்லாம் இல்லம்மா. நீங்க நல்ல பிள்ளைங்க. அவங்களும் நல்ல பிள்ளைங்கதான்."

"எவங்க?"

"போன வருஷம் உங்க சர்ச்சுல இருந்து வந்து, கூலி வாங்காம, பாட்டுப் பாடிக்கிட்டே ரெண்டே நாள்ல கட்டிக் குடுத்துட்டுப் போனாங்களே... அந்தச் சுவருதாம்மா அவரு மேல விழுந்தது."