செவப்பு அடிச்ச கை

"எம் பொண்ணு எழுதுனதுல செவப்பு அடிச்ச கை எது?"

ஆசிரியர்கள் அறை வாசலிலேயே டில்லிபாபு கத்தினார். கையில் மகள் மதியின் கட்டுரை. எண்ணூர் கழிமுகம் பற்றி, கல்லூரியில் சேர்ந்து அவள் எழுதிய முதல் கட்டுரை. பக்கம் பூராவும் சிவப்பு மை.

திருவொற்றியூரில் காயலாங்கடை வைத்திருப்பவர் அவர். துறைமுக ஏலத்தில் சிவப்பு பெயின்ட் விழுந்த சரக்கு என்றால் கழிசல். எவனும் தொடமாட்டான்.

"இனிமே காலேஜுக்குப் போவ மாட்டேன் நைனா" என்று மதி காலையில் பையை மூலையில் வீசிவிட்டாள். அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். கையோடு அவளையும் இழுத்து வந்துவிட்டார்.

"நான்தான் அடிச்சேன். உள்ள வாங்க" என்றாள் ஹெப்சிபா. முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுத உதவும் ஆசிரியை.

"இன்னாம்மா நாயம் இது? ஒதவி கேட்டு வந்த புள்ளைய கழிச்சிக் கட்டுவியா? கூடப் படிக்கிற ரகுபதிக்கு ஒரு டிக்கு, 'அருமை'ன்னு ஒரு வார்த்த. எம் பொண்ணு மட்டும் இன்னா, கலீஜா?"

"ரகுபதி என்கிட்ட வரலையே. அது கிளாஸ் சார் போட்ட டிக்கு." அவள் மதியிடம் திரும்பினாள். "நான் எழுதினதைப் படிச்சியா?"

"இல்ல மேடம். செவப்பைப் பாத்ததும் மூடிட்டேன்."

"இப்பப் படி. சத்தமா."

மதி தயங்கித் தயங்கிப் படித்தாள். "'இது நீயே கண்ணால பாத்ததா? இன்னும் எழுது'... 'இதைச் சொன்னது யாரு? பேரைப் போடு'... 'இந்த வரி ரொம்ப நல்லாருக்கு, மொதல்ல கொண்டு வா'..."

டில்லிபாபுவுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. திட்டு மாதிரியும் இல்லை, மெச்சுகிற மாதிரியும் இல்லை.

"இது பாஸா, பெயிலா?"

"ரெண்டுமில்லைங்க. திருத்தி எழுதிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

"அப்ப அந்த ரகுபதி?"

ரகுபதி தன் கட்டுரைப் பக்கங்களைப் பெருமையாக எடுத்து அனுப்பியிருந்த படங்களை மதி போனில் தள்ளிப் பார்த்தாள். விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து தள்ளினாள்.

"நைனா... மொத பக்கத்தையே மூணு வாட்டி எழுதி வெச்சிகீறான்!"

ஹெப்சிபாவின் பார்வை பக்கத்து மேஜைக்குப் போனது. கிளாஸ் சாரின் நாற்காலி காலி. அதன் முன்னால் கட்டுக் கட்டாகக் கட்டுரைகள். மேலே கிடந்ததில் ஒரு டிக்கு. 'அருமை.'

"பைல பத்திரமா வெய்யி" என்று கட்டுரையை மகளிடம் கொடுத்தார் டில்லிபாபு. அப்புறம் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துத் திரும்பினார். குரல் மறுபடி ஏறியது.

"சரக்கையே பாக்காம டிக்கு அடிச்ச கை எது? அந்தாள வரச் சொல்லும்மா! ஒண்ணு வுடாம படிச்சி, எல்லாப் புள்ளைக்கும் செவப்பு அடிச்சிட்டுப் போவட்டும்!"